துப்பாக்கி முதலில், உரிமை பிறகா?



எனக்கு முன் பேசிய பேராசிரியர் அழகாகப் பேசினார். அமெரிக்க ராணுவத்தைப் பாருங்கள் என்றார். அங்கே கறுப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது, உடுப்பின் பச்சை ஒன்றுதான் என்றார். 1989இல் கறுப்பினத்தவர் காலின் பவல் முப்படைத் தளபதிகளின் தலைவரானார், 2021இல் இன்னொரு கறுப்பினத்தவர் லாய்ட் ஆஸ்டின் பாதுகாப்பு அமைச்சரானார் என்று எடுத்துக்காட்டினார். நாட்டுக்காக ரத்தம் சிந்தியவனை நாடு கைவிடாது என்று முடித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். மேடை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே! (சிரிப்பு)

ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் விடப்போவதில்லை. ரத்தம் என்றார் அல்லவா? ரத்தத்திலிருந்தே தொடங்குவோம்.

போர்முனைக்கு அனுப்பும் முன் அமெரிக்கச் சிப்பாயிடம் சில காகிதங்களை நீட்டுவார்கள். உயில் எழுதிவிட்டாயா? காப்பீட்டுத் தொகை மனைவிக்கா, அம்மாவுக்கா? உனக்கு ஏதாவது ஆனால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? இருபது வயதுப் பையன் தன் சாவுக்குத் தானே விவரம் எழுதிக் கையெழுத்துப் போடுவான். கழுத்தில் இரண்டு உலோகத் தகடுகள் தொங்கும். இரண்டாம் உலகப் போரில் போனவனுக்கும் அதே தகடுதான். பெயர், படை எண், ரத்தப் பிரிவு, மதத்துக்கு ஓர் எழுத்து. தோலின் நிறத்தைப் பொறிக்க அந்தத் தகட்டில் இடமே இல்லை.

தகட்டில் இல்லாத நிறம் ரத்தப் புட்டியில் இருந்தது! போரின் தொடக்கத்தில் கறுப்பினத்தவரின் ரத்தமே வேண்டாம் என்றது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 1942 ஜனவரியில், சரி, வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தனியாக வைப்போம் என்றது. வெள்ளைச் சிப்பாயின் உடம்பில் கறுப்பன் ரத்தம் ஏறிவிடக் கூடாதாம். ரத்தத்தைப் பதப்படுத்திச் சேமிக்கும் முறையை வகுத்ததில் முன்வரிசையில் நின்றவர் யார் தெரியுமா? சார்லஸ் ட்ரூ. கறுப்பின மருத்துவர். போர் 1945இல் முடிந்தது. புட்டிகளைப் பிரித்துவைக்கும் வழக்கம் 1950 வரை ஓடியது. ரத்தம் சிந்தியவனை நாடு கைவிடாது என்கிறார் பேராசிரியர். சிந்தும் முன்பே ரத்தத்தைத் தள்ளிவைத்த நாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், ஐயா.

1942 ஜனவரி 31. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் தாம்சன். வயது 26. கான்சஸ் மாநிலம் விசிட்டாவில் விமானத் தொழிற்சாலை ஒன்றின் உணவகத்தில் வேலை. ராணுவ அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலையில், மூட்டை கட்டும் முன்பே அவர் நாட்டிடம் ஒரு கேள்வி கேட்டார். பாதி அமெரிக்கனாக வாழ்வதற்காக நான் முழு உயிரைக் கொடுக்க வேண்டுமா? வெளியே இருக்கும் பகைவனை வென்றால் மட்டும் போதாது, உள்ளே எங்களை மிதிக்கிறவனையும் வெல்ல வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘இரட்டை வெற்றி’ இயக்கம். சாவதற்குக் கூப்பிடுகிறவனிடம் கணக்குக் கேட்கும் துணிச்சல் ஓர் உணவகத் தொழிலாளிக்கு இருந்தது.

அதற்கு முந்தைய முதல் உலகப் போரில் இப்படிக் கேட்கவில்லை. 1918இல் டு பாய்ஸ் போன்ற பெரும் கறுப்பின அறிஞரே, குறைகளை இப்போது ஒதுக்கிவைத்துப் போரில் தோள் கொடுப்போம் என்று எழுதினார். கொடுத்தார்கள். நியூயார்க் ஹார்லெமிலிருந்து போன கறுப்பினத்தவரின் 369ஆவது படைப்பிரிவு 191 நாள் போர்முனையில் நின்றது. எந்தப் படையோடு? பிரெஞ்சுப் படையோடு! சொந்த ராணுவம் பக்கத்தில் நிறுத்தக் கூசி அவர்களைப் பிரான்சிடம் தள்ளிவிட்டது. பிரான்ஸ் பதக்கம் குத்தியது. 1919இல் ஊர் திரும்பினால், நகரம் நகரமாக இனக் கலவரம். அந்தக் கோடைக்கே ‘சிவப்புக் கோடை’ என்று பெயர் விழுந்தது.

இப்போது 1946க்கு வருகிறேன். பிப்ரவரி 12. ஐசக் உட்வர்ட் என்ற கறுப்பின சார்ஜென்ட், நியூகினியாவில் போர்ப்பணி முடித்தவர், ஜார்ஜியா மாநிலத்து முகாமில் அன்றுதான் விடுவிப்புப் பத்திரம் வாங்கினார். மனைவியைப் பார்க்கப் பேருந்து ஏறினார். உடம்பில் ராணுவ உடுப்பு. வழியில், சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்த முடியுமா என்று ஓட்டுநரைக் கேட்டார். அவ்வளவுதான் குற்றம். வாய்த் தகராறு. தெற்கு கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூர் வந்ததும் ஓட்டுநர் போலீசை அழைத்தார். ஊர் போலீஸ் தலைவர் கைத்தடியால் அடித்தார். கண்ணிலேயே அடித்தார். மறுநாள் காலை உட்வர்டுக்கு விடியவில்லை, இரண்டு கண்ணும் போய்விட்டன. ஜப்பானியன் எடுக்காத கண்ணைச் சொந்த ஊர்க்காரன் எடுத்தான்! அந்த அதிகாரி நீதிமன்றத்தில் நின்றார். வெள்ளையர்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி, அரை மணி நேரத்தில் குற்றமற்றவர் என்று அனுப்பிவைத்தது. உட்வர்ட் 1992இல் இறக்கும்வரை பார்வையில்லாமலே வாழ்ந்தார்.

இந்தச் செய்தி ஜனாதிபதி ட்ரூமன் காதுக்குப் போனது, அவர் உள்ளம் கொதித்தது, 1948 ஜூலை 26இல் 9981ஆம் ஆணையிட்டு ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழித்தார். பள்ளிப் பாடத்தில் இப்படித்தான் கதை முடியும். ட்ரூமன் கொதித்தது உண்மை. கதை மட்டும் பாதி.

மீதிப் பாதியின் பெயர் ஃபிலிப் ராண்டால்ஃப். ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். நம் மொழியில் சொன்னால், தொழிற்சங்கக்காரர்! (கைதட்டல்) 1941இலேயே, வாஷிங்டனுக்கு ஒரு லட்சம் பேரைத் திரட்டி வருவேன் என்று அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை மிரட்டி, ஆயுதத் தொழிற்சாலை வேலைகளில் பாகுபாடு கூடாது என்று ஆணை போடவைத்தவர். 1948இல் கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் மறுபடி வருகிறது. மார்ச் 31. செனட் குழுவின் முன் நின்று ராண்டால்ஃப் சொன்னார்: பாகுபாடுள்ள ராணுவத்தில் சேர மறுக்கும்படி எங்கள் இளைஞர்களுக்கு நானே சொல்வேன். ஒரு செனட்டர் எச்சரித்தார், போர்க்காலத்தில் இது தேசத்துரோகம் ஆகிவிடுமே என்று. ராண்டால்ஃப் பின்வாங்கவில்லை. விளைவைச் சந்திக்கத் தயார் என்றார். சட்டம் ஜூனில் வந்தது. நவம்பரில் தேர்தல், வடக்கு மாநிலங்களில் கறுப்பின வாக்கு ட்ரூமனுக்கு வேண்டும். ஜூலையில் ஆணை வந்துவிட்டது!

முதல் உலகப் போரில் செத்துக் காட்டியபோது கிடைக்காதது, சாக மறுப்போம் என்று சொன்னபோது கிடைத்தது. வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வீரர்களின் தியாகம்தான் ராண்டால்ஃப் பேச்சுக்கு வலுக் கொடுத்தது. ஆனால் தியாகம் தானாகப் பேசாது, அதன் சார்பில் ஒருவன் எழுந்து பேரம் பேச வேண்டும்.

ஆணை வந்தும் தளபதிகள் இழுத்தடித்தார்கள். கொரியப் போரில் வெள்ளையர் படைகளில் ஆள் குறைந்தபோதுதான் கறுப்பினச் சிப்பாய்கள் அங்கே நுழைந்தார்கள். கறுப்பினத் தனிப்படைகளில் கடைசி ஒன்று கலைய 1954 ஆனது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி வந்தவர்களின் வீட்டுக் கதையையும் கேளுங்கள். போர் வீரர்களுக்கு வீட்டுக் கடன், தொழில் கடன், பண்ணைக் கடனுக்கு அரசே உத்தரவாதம் என்று சட்டம். 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களைக் கணக்கெடுத்தார்கள். கொடுத்த கடன் 3,229. கறுப்பின வீரர்களுக்கு எத்தனை? இரண்டு. இரண்டாயிரம் இல்லை ஐயா, இரண்டு!

பழங்கதை என்பீர்கள். 2020 டிசம்பர், வர்ஜீனியா மாநிலம், விண்ட்சர் என்ற சிற்றூர். ராணுவ உடுப்பிலேயே கார் ஓட்டி வந்த ஓர் இளம் கறுப்பின லெஃப்டினன்ட்டைப் போலீஸ் நிறுத்தச் சொன்னது. இருட்டில் நிறுத்தப் பயந்து, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் வரை போய் நிறுத்தினார். இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். இறங்கப் பயமாக இருக்கிறது என்றார். பயப்படத்தான் வேண்டும் என்று பதில் வந்தது, பிறகு முகத்தில் மிளகு ஸ்பிரே. 1946இல் கண் போனது, 2020இல் கண் எரிந்ததோடு நின்றது. இதுதான் முன்னேற்றம் என்றால், சரி, முன்னேற்றம்தான்.

முகாமின் பெயரைக்கூடப் பாருங்கள். வட கரோலினாவில் பிராக் கோட்டை என்று ஒரு பெரிய ராணுவ முகாம். உலகத்தின் எந்த மூலைக்கும் சிப்பாய்கள் அங்கிருந்து விமானம் ஏறுவார்கள். அடிமை முறையைக் காக்க அமெரிக்க ராணுவத்தோடே போரிட்ட தளபதியின் பெயர் அது. 1918இல் வைத்த பெயரை 2023இல் மாற்றினார்கள். 2025இல் மறுபடி பிராக்! கேட்டால், அந்த பிராக் இல்லை, இது இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட வேறொரு பிராக் என்கிறார்கள். (சிரிப்பு) அதே 2025 பிப்ரவரியில், முப்படைத் தளபதிகளின் தலைவராயிருந்த கறுப்பினத்தவர் சார்லஸ் பிரவுனைப் பதவிக்காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாங்கிய உரிமை பத்திரமாக இருக்கும் என்று யாரும் தூங்கிவிட முடியாது.

அவைத் தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார், முடிக்கிறேன். பேராசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஊரில் இதே பேச்சைப் பேசுவீர்கள், பேசுங்கள். காலின் பவல் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் ஐசக் உட்வர்ட் பெயரைச் சொல்லுங்கள், ராண்டால்ஃப் பெயரைச் சொல்லுங்கள். சொன்னால் முதலில் கை தட்டுகிறவன் நானாக இருப்பேன்.