லைசென்ஸ் எங்கே? காட்டு!



பௌர்ணமி முடிந்த விடியலில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கிடக்கும் எச்சில் இலையையும் தண்ணீர் பாட்டிலையும் அள்ளுவது யார்? ஆஸ்பத்திரி வார்டைக் கழுவுவது யார்? இந்த வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே வெயிலில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்! சம்பளம் எங்கே என்று கேட்டால் அதிகாரி காண்ட்ராக்டரைக் கைகாட்டுகிறார். காண்ட்ராக்டரோ “பில் பாஸ் ஆகவில்லை” என்கிறார்.

இந்தக் கைகாட்டலை ஒழிக்கத்தான் 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 20 பேரை ஒப்பந்தத்தில் வைத்தால் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும்; 20 பேரை அனுப்பும் காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அவர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்றது 21ஆம் பிரிவு.

மீறினால்? மூன்று மாதம் வரை சிறை, இல்லையேல் 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. பதிவும் இல்லை, லைசென்ஸும் இல்லை என்பதாலேயே தொழிலாளி நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 1991இல் தீனாநாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலாளி அபராதம் கட்டிவிட்டுப் போவார். நீங்கள் வெறுங்கையோடு போக வேண்டும்!

இப்போது அந்தப் பழைய சட்டத்துக்குப் பதில் மத்திய அரசின் புதிய தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல். அபராதத்தை லட்சமாக்கினார்கள், வலையின் கண்ணையும் பெரிதாக்கினார்கள். 20 இருந்த இடத்தில் 50! 120 பேரை மூன்று காண்ட்ராக்டரிடம் நாற்பது நாற்பதாகப் பிரித்துவிட்டால் ஒருவருக்கும் லைசென்ஸ் வேண்டாம். இதுவா தொழிலாளர் பாதுகாப்பு?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குத் தராதே என்று சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் தூக்கியது தமிழ்நாட்டுப் போலீஸ்தான்!

காண்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் நேரடித் தொழிலாளியாக ஏற்கலாம் என்று 2001இல் செயில் உருக்கு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி வைத்திருக்கிறது. நிரூபிக்கக் காகிதம் வேண்டும். உங்களை வேலை ஏவுவது யார், லீவு தருவது யார் என்று எழுதி வையுங்கள். வருகைப் பதிவைப் போட்டோ எடுங்கள். பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அதிகாரிகளே, காண்ட்ராக்டர் பெயர், லைசென்ஸ் எண், கூலி விகிதம் மூன்றையும் வேலையிடத்தில் தமிழில் எழுதி மாட்டுங்கள். மாட்ட முடியாதென்றால் நடுவில் காண்ட்ராக்டர் எதற்கு? நேரடியாக வேலையில் வை!