இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்

மண் இல்லை, களை இல்லை. ஒரு தொட்டியும் தண்ணீரும் உரக்கரைசலும் இருந்தால் வீட்டிலேயே கீரை வளர்க்கலாம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இப்படித் தொடங்குகிறவர்கள் பலர். முதல் மாதத்திலேயே கைவிடுகிறவர்களும் பலர். காரணம் பெரும்பாலும் விதையுமல்ல, வெயிலுமல்ல. தண்ணீர்தான்.

ஓர் இல்லத்தரசியின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் வளர்த்த சாலட் கீரையில் மூன்றாவது வாரம் புது இலைகள் மஞ்சளாயின; நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. செடிக்குப் பசி என்று எண்ணி உரத்தைக் கூட்டினார். ஒரே வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

உண்மையில் அந்தத் தொட்டியில் உணவு இருந்தது. செடியால் அதை உண்ண முடியவில்லை. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு கீரைகளுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். இங்குள்ள குழாய்த் தண்ணீர் பொதுவாகச் சற்றுக் காரமானது. செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். மேலும் ஏறும். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கரையாமல் ஒதுங்கிவிடும். அளவில் ஓர் எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதே முதல் தடயம். புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் பி.எச். அளவைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பழைய இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறைபாடாக இருக்கலாம்.

அடுத்தது, உரத்தின் செறிவைக் காட்டும் இ.சி. அளவு. சாலட் கீரைக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.8 வரை போதும். வெயில் நாளில் செடி உரத்தைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும். மிஞ்சிய கரைசல் கெட்டியாகும். இ.சி. ஏறினால் வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இறங்கினால் உரம் சேர்க்க வேண்டும்.

'ஏ', 'பி' என இரண்டு புட்டிகளில் வரும் உரங்களை நேரடியாகக் கலக்கக்கூடாது. 'ஏ'யிலுள்ள கால்சியம், 'பி'யிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெள்ளைப் படிவமாகிவிடும். ஒன்றைத் தொட்டி நீரில் நன்கு கரைத்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

வேர் பழுப்பாகி வழவழப்பாக இருந்தால் குறை உரத்தில் இல்லை. 20 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். தொட்டிக்கு நிழல் தந்து, மீன் தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றைப் பொருத்தினால் வேர் மூச்சுவிடும்.

பி.எச். குறைக்க, அதற்கென விற்கும் அமிலக் கரைசலைச் சில துளிகள் விட்டுக் கலக்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். கையுறை அவசியம், புட்டி பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. சமையல் வினிகர் ஊற்றினால் ஓரிரு நாளில் அளவு பழைய நிலைக்கே திரும்பும். அளக்கும் கருவியையும் 4, 7 என்ற இரு சோதனைக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கருவியே தவறினால் வைத்தியம் முழுவதும் தவறும். எதுவும் பிடிபடாவிட்டால் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது.

அந்த இல்லத்தரசி மறுபடியும் விதைத்தார். இம்முறை அளந்து பார்த்தபோது பி.எச். 7.6 காட்டியது. இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 6-க்குக் கொண்டுவந்தார். உரம் ஒரு சொட்டும் கூட்டவில்லை. அடுத்து வந்த இலைகள் பச்சையாகவே விரிந்தன. இப்போது தொட்டிக்கு அருகில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் தொங்குகிறது: தேதி, பி.எச்., இ.சி. உரப் புட்டியைத் தொடும் முன் அவர் அதைத்தான் புரட்டுகிறார்.