சிறார் பள்ளியிலும் வயது வந்தோர் கல்வியிலும் மாண்டிசோரி நெறி

மழலையர் கல்வியை ஆராய்வோரும் வயது வந்தோர் எழுத்தறிவுப் பணியில் உழைப்போரும் வழக்கமாகத் தனித்தனி அரங்குகளில் கூடி, தனித்தனிச் சொற்களில் பேசிக் கலைவதே கல்வியுலகின் நடைமுறை. அவ்விரு சாராரையும் ஒரே அவையில் அமர்த்தியிருப்பது இக்கருத்தரங்கின் சிறப்பு. மூன்று வயதுக் குழந்தைக்காக வகுக்கப்பட்ட ஒரு கல்விமுறை ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளிக்கும் பயன்படுமா, பயன்படுமெனில் அதில் எது மாறாமல் நிற்க வேண்டும், எது மாறியாக வேண்டும் என்னும் கேள்வியை முன்வைத்து, விடை காண்பதற்கான எல்லைகளை வரைந்து காட்டுவதே இத்தலைமையுரையின் நோக்கம்.

மரியா மாண்டிசோரி (1870–1952) இத்தாலியில் பிறந்து, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனநல மருத்துவமனை வழியாகவே அவர் கல்வித்துறைக்குள் வந்தார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, மனநோயாளிகளோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களைக் கண்ட அவர், அவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கையும் கண்ணும் ஈடுபடும் பயிற்சியே என்னும் முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகிய இருவரும் அத்தகைய சிறுவர்களுக்கென உருவாக்கியிருந்த முறைகளைப் பயின்று விரிவுபடுத்தினார். 1907 ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில், ‘குழந்தைகள் இல்லம்’ எனப் பொருள்படும் ‘காசா தெய் பம்பீனி’ அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்ற நேரத்தில் பிள்ளைகள் குடியிருப்பின் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்காமல் இருக்க ஒரு கட்டட நிறுவனம் செய்த ஏற்பாடுதான் அது. உலகெங்கும் இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வியாகப் பரவலாக அறியப்படும் இம்முறை, வறியவரின் குழந்தைகளிடையே, குறைந்த பொருட்செலவில் தோன்றியது என்பதை விவாதம் முழுவதும் நினைவில் இருத்துதல் நலம்.

இம்முறையின் கலைச்சொற்களுள் மூன்றை இங்கே விளக்கிக்கொள்வது தேவையாகிறது. முதலாவது, ஆயத்தச் சூழல்: கற்பவர் தாமே எடுத்து, தாமே பயன்படுத்தி, தாமே மீண்டும் உரிய இடத்தில் வைக்கும்படி, அவருடைய உயரத்துக்கும் கைவலிமைக்கும் ஏற்ப அடுக்கப்பட்ட அறை. இரண்டாவது, வரையறைக்குட்பட்ட உரிமை: எந்தப் பணியை எடுப்பது, எவ்வளவு நேரம் அதில் ஈடுபடுவது என்பதைக் கற்பவரே முடிவு செய்யலாம், ஆனால் பிறர் பணியைக் குலைக்கவோ, கருவியைப் பாழாக்கவோ உரிமை இல்லை. மூன்றாவது, கருவிக்குள்ளேயே அமைந்த பிழைகாட்டி. மூன்றனுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், இவ்வுரையின் கருத்துக்கு அச்சாணியாக இருப்பதும் இந்த மூன்றாவதே.

பிழைகாட்டி என்பதன் பொருளை உருளைக்கட்டைகள் கொண்டு எளிதில் விளக்கலாம். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையின் தலையிலும் பிடித்துத் தூக்க ஒரு சிறு குமிழ். இவ்வாறு நான்கு கட்டைகள் உண்டு. உயரமும் பருமனும் மாறும் விதம் கட்டைக்குக் கட்டை வேறுபடும். தடித்த உருளை ஒன்றைச் சிறிய குழியில் இட முயன்றால் அது இறங்காது. மெல்லியதைப் பெரிய குழியில் இட்டால் அது ஆடும். கடைசியில் எஞ்சிய குழிக்கும் எஞ்சிய உருளைக்கும் பொருத்தம் இல்லாமல் போகும். ஆசிரியர் ‘தவறு’ என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தானே கண்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். ஆசிரியரின் முகத்தைப் பார்த்துச் சரியா தவறா என்று அறியும் பழக்கம் உருவாகாத இடத்தில்தான் கவனக்குவிப்பு உருவாகிறது. கவனக்குவிப்பு உருவான குழந்தையிடமிருந்தே ஒழுங்கும் அமைதியும் தாமாக வெளிப்படுகின்றன என்பது மாண்டிசோரியின் அடிப்படைக் கண்டுபிடிப்பு.

இதிலிருந்து பிறக்கும் முடிவு கற்பவரின் வயதைக் கடந்தது. பிழையைப் பொருள் காட்டும்போது அது ஒரு செய்தி. மனிதர் காட்டும்போது, குறிப்பாகப் பலர் முன்னிலையில் காட்டும்போது, அது ஒரு தீர்ப்பு. செய்தியைப் பெற்றவர் மீண்டும் முயல்கிறார். தீர்ப்பைப் பெற்றவர் ஒதுங்குகிறார். குழந்தைக்கு இது கவனத்தைப் பற்றிய சிக்கல் என்றால், வயது வந்த கற்பவருக்கு இது தன்மதிப்பைப் பற்றிய சிக்கல். ஆகவே மாண்டிசோரி நெறியுள் எல்லா வயதுக்கும் மாறாமல் நிற்க வேண்டியது, கற்பவருக்கும் அவர் பிழைக்கும் இடையே மூன்றாமவர் தீர்ப்பாளராக நுழையாதிருத்தல் என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து. கருவிகளின் வடிவம், பாட வரிசை, அறையின் அமைப்பு ஆகிய பிற யாவும் கற்பவரின் பருவத்துக்கேற்ப மாறத் தக்கவை.

இந்நெறியின் வரலாற்றில் தமிழகத்துக்கு உரிய இடம் சிறிதன்று. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்களுக்கென வந்த அவரை, 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு எதிரி நாட்டவராகக் கருதியதால், அவருடைய தங்கல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளோடு பணிபுரிந்தபோது, மலைச்செடிகளையும் பாறைகளையும் தொட்டறிவதிலிருந்து தொடங்கி உலகப் பொருள்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை உணர்த்தும் ‘பிரபஞ்சக் கல்வி’ என்னும் கருத்து செம்மை பெற்றது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள சிறாருக்கான கல்விக்கு அதுவே இன்றும் அடித்தளம். 1944இல் கொழும்பிலும் அவர் பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தையின் ஏற்கும் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாறிலிருந்துதான் முதலில் வெளிவந்தது.

அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் அனைவரும் வளர்ந்தவர்கள் என்பது இக்கருத்தரங்குக்கு மிக முக்கியமான செய்தி. மாண்டிசோரி மரபில் ஆசிரியப் பயிற்சி பெறுபவர் ஒவ்வொரு கருவியையும் தாமே திரும்பத் திரும்பக் கையாள வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் செய்முறையையும் தம் சொற்களில் ‘ஆல்பம்’ எனப்படும் குறிப்பேட்டில் எழுதித் தொகுக்க வேண்டும். வகுப்பறையின் ஓரத்தில் அமர்ந்து, குறுக்கிடாமல் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும். உதவத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதே அப்பயிற்சியின் மிகக் கடினமான பாடம். ஆகவே வயது வந்தோருக்கான மாண்டிசோரி கல்வி என்பது புதிதாகப் புனைய வேண்டிய ஒன்றன்று. ஆசிரியப் பயிற்சி என்னும் வடிவில் அது தொடக்கம் முதலே நிலவி வந்திருக்கிறது.

சிறார் பள்ளிகளைப் பொறுத்தவரை தமிழகம் ஒரு பெரிய முயற்சியைச் செய்து பார்த்திருக்கிறது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறையையும் மாண்டிசோரி கருத்துகளையும் உள்வாங்கிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பெஞ்சுகள் அகன்று பாய்கள் வந்தன. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகைகள் வந்தன. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்துத் தனக்குரிய அட்டையைக் குழந்தையே தட்டிலிருந்து எடுத்தது. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் கலந்து அமர்ந்தனர். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஏற்கெனவே நிலவிய கலப்பு வகுப்பை, குறையாகக் கருதாமல் முறையாகவே ஏற்றது அதன் பெருஞ்சிறப்பு. எனினும் அந்த ஏணியில் கற்கும் வேகம் மட்டுமே குழந்தையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அடுத்த பணி எது என்பதை ஏணியே வகுத்தது. அச்சிட்ட அட்டை, உருளைக்கட்டையைப் போலத் தானே பிழையைக் காட்டும் தன்மையுடையதன்று. சரிபார்க்க ஆசிரியரோ சக மாணவரோ தேவைப்பட்டனர். பருப்பொருளை அச்சுத்தாளாக மாற்றும்போது நெறியின் எந்தப் பகுதி நழுவுகிறது என்பதை ஆய்வாளர் இங்கிருந்து தெளியலாம்.

இம்முறையின் பயனை அயல்நாட்டு ஆய்வுகளும் அளந்து பார்த்துள்ளன. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாண்டிசோரி பள்ளிச் சேர்க்கை குலுக்கல் முறையில் நடைபெற்றதால், இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட முடிந்தது. ஏஞ்சலின் லில்லார்டு, நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட் ஆகியோர் 2006இல் வெளியிட்ட அவ்வாய்வில், மாண்டிசோரி பள்ளியில் பயின்ற ஐந்து வயதுச் சிறார் எழுத்தறிவிலும் கணக்கிலும் சமூக நடத்தையிலும் மேம்பட்டிருந்தனர். லில்லார்டு 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மரபுக் கருவிகளோடு வேறு பயிற்சித்தாள்களும் விளையாட்டுப் பொருள்களும் கலந்த வகுப்புகளைவிட, மரபு வழுவாத வகுப்புகளிலேயே முன்னேற்றம் மிகுதி எனக் காட்டியது. பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதிக்கொண்டு, நான்கு வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடமும் தேர்வும் தரும் பள்ளிகள் பெருகியுள்ள சூழலில், அப்பெயர் எவருடைய தனியுரிமையும் அன்று என்பதால், இவ்வேறுபாட்டைப் பெற்றோருக்குத் தெளிவுபடுத்தும் பொறுப்பு கல்வியாளர்களையே சேர்கிறது.

தமிழ் எழுத்துமுறை தனிக் கவனம் வேண்டும் மற்றொரு பொருள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதே வேளையில் அதன் ஒலியைக் கேட்டும் சொல்லியும் பழகுவதும், பின்னர்த் தனி எழுத்துகளை அடுக்கிச் சொற்களை உருவாக்குவதும் மாண்டிசோரி எழுத்துக் கல்வியின் இரு படிகள். இத்தாலிய மொழியில் ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் அமைவதால் அது இடரின்றி நடக்கிறது. தமிழிலோ ‘கெ’ என்னும் எழுத்தில் மெய்யொலி முதலில் கேட்க, ஒற்றைக்கொம்பு முதலில் எழுதப்படுகிறது. ‘கொ’ என்பதில் உயிரொலியின் குறியீடு மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 247 எழுத்துகளையும் தனித்தனி அட்டைகளாக்கினால் அமைப்பு விளங்காது. உயிர்க்குறிகளை மட்டும் தனியே பிரித்தால் ஒலிவரிசை குழம்பும். தவறான இடத்தில் கொம்பை வைத்தால் பொருந்தாதபடி மரத்துண்டுகளையே வடிவமைப்பது ஒரு வழி. அத்தகைய கருவி குழந்தைக்கும் முதியவருக்கும் ஒருங்கே பயன்படும்.

வயது வந்தோர் கல்விக்கு வரும்போது சான்றுகள் வேறிடத்தில் கிடைக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் மாண்டிசோரியின் பெயரால் நடந்ததன்று. ஆயினும் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்த அதன் செயல் இந்நெறிக்கு மிக அணுக்கமானது. மிதிவண்டியில் சமநிலை தவறினால் வண்டியே சாய்ந்து காட்டும். கற்றவுடன் அப்பெண் எவர் துணையுமின்றிச் சந்தைக்கோ வேலைக்கோ செல்லலாம். பிழைகாட்டியும், கற்றதன் பயனும், தற்சார்பும் ஒரே கருவியில் இணைந்திருந்தன. இதற்கு மாறாக, அணிலையும் ஆட்டையும் படமாகக் கொண்ட சிறார் அரிச்சுவடியை வயல்வேலை முடித்து மாலையில் வரும் பெண்ணின் கையில் கொடுப்பது, அவரைக் குழந்தையாக நடத்துவதாகும். மூத்தோருக்கான ஆயத்தச் சூழலில் ரேஷன் அட்டையும், பேருந்தின் பெயர்ப்பலகையும், வங்கிப் படிவமும், கைபேசியும் கருவிகளாக இருத்தல் வேண்டும். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கருத்தில் கொண்டுள்ள இன்றைய நிலையில் இது உடனடித் தேவையும் ஆகும்.

வாழ்வின் மறுகோடியையும் இந்நெறி சென்றடைந்துள்ளது. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் 1990கள் முதல் முதுமை மறதி நோயாளிகளிடையே மாண்டிசோரி அடிப்படையிலான செயல்களைப் புகுத்தினார். நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஆற்றல் தேய்ந்த பின்னும் கைப்பழக்கத்தின் நினைவு பெரிதும் எஞ்சியிருப்பதால், துணி மடித்தல், வகை பிரித்தல், பெரிய எழுத்தில் உள்ளதை உரக்கப் படித்தல் போன்ற பணிகளை அவர்களால் செய்ய இயல்கிறது. ‘மறந்துவிட்டீர்களா’ என்னும் கேள்வி ஒவ்வொரு நாளும் தீர்ப்பாக விழும் வீட்டில், கேள்வியின்றிக் கையில் கொடுக்கப்படும் ஒரு பணி தரும் மதிப்பு பெரிது.

இந்நெறிக்கு எழுந்த மறுப்புகளையும் இந்த அவை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914இலேயே இக்கருவிகளின் பயன்வரம்பு குறுகியது என்றும், குழந்தைகள் கூடிச் செயல்படவும் கற்பனையில் திளைக்கவும் இடம் போதாது என்றும் குறை கூறினார். கூடிக் கற்பதையே வலிமையாகக் கொண்ட எழுத்தறிவு மையங்களுக்கு கூடிச் செயல்பட இடம் போதாது என்னும் குறை மிகவும் பொருந்தும். பாட்டும் நாடகமும் இன்றி அறிவொளி பரவியிருக்காது. பொருட்செலவு மற்றொரு தடை. 1931இல் லண்டனில் மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரியில் பேசிய காந்தியடிகள், இக்கல்வி வறியவரின் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தை வெளியிட்டார். அவ்விருப்பம் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

எனவே அமர்வுகளுக்கு மூன்று பணிகள் முன்வைக்கப்படுகின்றன. உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய, பிழைகாட்டும் தன்மை கெடாத தமிழ் எழுத்துக் கருவிகளின் அளவுகளையும் வடிவங்களையும் முதல் அமர்வு வரையறுக்கட்டும். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குறுக்கீடற்ற பணிநேரத்தை அட்டவணைக்குள் எவ்வாறு ஒதுக்குவது என்பதை, செயல்வழிக் கற்றலில் பணியாற்றிய ஆசிரியர்களின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு இரண்டாம் அமர்வு ஆராயட்டும். எழுத்தறிவு மையத் தன்னார்வலர்களுக்கான பயிற்சியில், கற்பிக்கும் முறைக்கு முன்பாகக் கவனிக்கும் முறையைப் பயிற்றுவிப்பது குறித்து மூன்றாம் அமர்வு முடிவெடுக்கட்டும். இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், தான் பரிந்துரைக்கும் முறையில் கற்பவரின் பிழையைக் காட்டுவது பொருளா, மனிதரா என்னும் ஒரு கேள்விக்கேனும் தெளிவாக விடை கூறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டு, கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.