கட்டிலிலிருந்து வாசல் வரை



கை கால் விழுந்து படுத்திருப்பவர், முழங்கால் தேய்ந்து எழுந்திருக்கச் சிரமப்படுபவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடித்து வீடு திரும்பியவர். இவர்களில் ஒருவராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவருக்கு பிசியோதெரபி வீட்டிலேயே, பைசா செலவில்லாமல் கிடைக்கும் என்பது நிறையப் பேருக்கு இன்னும் தெரியவில்லை.

அதைத் தருவது தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். அந்தப் பெயரைச் சொன்னால், "பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்களே, அதுதானே?" என்கிறார்கள். அதுவும்தான். ஆனால் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோதே மாத்திரையோடு வேறு சிலவும் சேர்ந்தே வந்தன. இயன்முறை சிகிச்சை, நோய் முற்றிப் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது திட்டத்தின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தெருக்கோடியில் படுத்திருக்கும் பெரியவரின் வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

நான் இந்தத் திட்டத்தில் ஒரு வட்டாரத்தில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆதரவு சிகிச்சைக்கு ஒரு செவிலியர். ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமம் இருக்கும், ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் போதாது என்பது என் அபிப்பிராயம். அதனால், "டாக்டரம்மா, தினமும் வருவீங்களா?" என்று கேட்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நான் தினமும் வரமாட்டேன். தினமும் செய்யப்போவது நீங்கள்தான், சொல்லிக்கொடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். "கரண்ட் வைக்க மாட்டீங்களா?" என்பது அடுத்த கேள்வி. கரண்ட் வைப்பது என்று மக்கள் சொல்வது மின்தூண்டல் கருவிகளை. வலியைக் கொஞ்சம் தணிக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளி சும்மா படுத்திருக்கிறார். எழுந்து நடக்கவேண்டிய ஆள் படுத்தே இருந்தால் காலுக்கு எங்கிருந்து பலம் வரும்? பத்து நாள் கரண்ட், இத்தனை ரூபாய் என்று பேக்கேஜ் போட்டு மக்களை இதற்குப் பழக்கியதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

பக்கவாதம் வந்த ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன் வீட்டைப் பார்ப்பேன். கட்டில் என்ன உயரம்? உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா? கயிற்றுக்கட்டில் என்றால் நடுவில் தொய்ந்திருக்கும், நல்ல உடம்புக்காரரே அதிலிருந்து எழச் சிரமப்படுவார். அதன்மேல் ஒரு பலகையைப் போட்டாலே அன்றைய வேலையில் பாதி முடிந்தது. கழிப்பறை வீட்டுக்குள்ளா, கொல்லையிலா? வழியில் எத்தனை படி? பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறதா? ஆஸ்பத்திரி ஹாலில் வழவழப்பான தரையில் கம்பியைப் பிடித்து நடந்தவர், வீட்டு நிலைப்படி தாண்ட முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அவரை எப்படித் தூக்கி உட்காரவைக்கிறார்கள் என்று செய்து காட்டச் சொல்வேன். பத்துக்கு எட்டு வீட்டில் விழுந்த கையைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் அதுதான் கெடுதல். கை விழுந்தால் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் தளர்ந்துவிடும். கையின் கனத்தில் மூட்டு மெல்லக் கீழே இறங்கும். தோள் நுனிக்குக் கீழே என் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில் இழுத்தால் வலி வரும். வலி வந்தால் கையைத் தொடவே விடமாட்டார். தொடாத கை இறுகிப்போகும்.

சரியான முறை இதுதான். முழங்கால்களை மடக்கி, நல்ல பக்கமாக ஒருக்களித்துத் திருப்புங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். பிறகு தோள்பட்டைக்குப் பின்னால் உங்கள் கையைக் கொடுத்து எழுப்புங்கள். அவரையும் நல்ல கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை செய்துபார்த்தால் வீட்டுப் பெண்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். "இவ்வளவு நாளா முதுகு விட்டுப்போச்சு மேடம், இப்ப பரவால்ல" என்று ஒரு மருமகள் சொன்னது நினைவிருக்கிறது. நோயாளிக்குச் சொன்ன வைத்தியம் பார்த்துக்கொள்பவரின் முதுகையும் காப்பாற்றியது.

இன்னொன்று பந்து. கை விழுந்தவுடன் யாராவது ஒருவர் கடையில் பந்து வாங்கி, அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார். பக்கவாதத்தில் பல பேருக்குச் சில வாரங்களில் விரல்கள் உள்ளே மடங்கி இறுகத் தொடங்கும். மூடிக்கொண்டிருக்கிற கைக்கு இன்னும் மூடப் பழக்குவானேன்? அந்தக் கைக்கு வேண்டியது விரிவது. உள்ளங்கையை விரித்து மேசைமேல் ஊன்றிவைப்பது, டம்ளரை விட்டுவிடப் பழகுவது, நல்ல கையோடு சேர்ந்து துண்டை மடிப்பது. எந்தக் கைக்கு எது என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். அதுவரை பந்து பேரப்பிள்ளையிடமே இருக்கட்டும்.

படுத்தபடுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். சாப்பாடு கொடுக்கும்போது கட்டாயம் சாய்த்தோ நிமிர்த்தோ உட்காரவையுங்கள். புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் போய் முடியும். இன்னொன்று, வீட்டில் யாருக்காவது திடீரென்று முகம் கோணினாலோ, கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். அது ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் ரத்தம் தடவுவதற்காகப் புறா தேடி அலையும் வழக்கம் சில ஊர்களில் இன்னமும் இருக்கிறது. புறாவை விட்டுவிடுங்கள், நேரத்தை விடாதீர்கள்.

முழங்காலுக்கு வருவோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்று சொன்ன நாளிலிருந்து பலர் நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடுமாம். உண்மை இதற்கு நேர்மாறு. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் மூட்டின்மேல் விழும் பாரத்தை அது பங்குபோட்டுக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசைதான் முதலில் மெலியும். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழ்நோக்கி அழுத்துங்கள், விடுங்கள். பத்து முறை. அது பழகியபின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், வழுக்கும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கைத்தடியைப் பெரும்பாலோர் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் வருகிறதோ, அதுதான் தடியின் உயரம். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். தலை சீவ முடியாது, முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோக முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நான் போகும் வீடொன்றில் பேத்தி ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி எழுதிவைத்திருக்கிறாள். சில கோடுகள் முந்தையதைவிடக் கீழே இருக்கின்றன. இருக்கத்தான் செய்யும். இந்த இறுக்கம் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஒரு வாரத்தில் விடாது.

இவ்வளவு பொறுமை எதற்கு, ஒரு ஆபரேஷனில் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சொல்வேன். சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஒரு தசைநாரை இடம்மாற்றித் தைப்பது மேசைமேல் முடிந்துவிடும். இடம்மாறிய நாரைக்கொண்டு விரலை நீட்டப் பழகுவது அதன்பிறகு வாரக்கணக்கில் நடக்கும் வேலை. மேரி வர்கீஸ் பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். உங்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் சொன்னேன்.

சரி, எங்களை வரவழைப்பது எப்படி? உங்கள் ஊரில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். அவரிடம் சொன்னால் போதும். அவரைத் தெரியாது என்றால் துணை சுகாதார நிலையத்து நர்ஸிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைக் கொடுங்கள். நடந்து வரக்கூடியவர்கள் எந்த நாளில் பிசியோதெரபிஸ்ட் அங்கே இருப்பார் என்று கேட்டுக்கொண்டு நேரில் வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நேரம் படுத்திருக்கும் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

நாங்கள் வரும் அன்று ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நோயாளிக்குத் தளர்வான உடை போதும், புதுச்சேலை வேண்டாம். காபியும் வேண்டாம், கேட்டதற்கு நன்றி. முக்கியமாக, ராத்திரி பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர் யாரோ அவர் வீட்டில் இருக்கவேண்டும். சென்னையிலிருந்து வீடியோ காலில் வரும் மகனுக்கும் சொல்வேன், ஆனால் தூக்கி உட்காரவைக்கப்போவது அவர் இல்லையே. வாசலில் நாய் இருந்தால் தயவுசெய்து கட்டிப்போடுங்கள்.