கயிற்றைக் கையில் எடுப்போம்

(வனத்து அந்தோனியார் விழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



சனவரி 17ஆம் நாள் திரு அவை வனத்து அந்தோனியாரை நினைவுகூர்கிறது. எகிப்தின் பாலைநிலத்தில் தவம் செய்த இவரை வீட்டு விலங்குகளின் பாதுகாவலராக மக்கள் போற்றுகிறார்கள். அன்று உரோமையில் குதிரைகளும் மாடுகளும் ஆசி பெறுகின்றன. நாமும் அதே நாள்களில்தான் மாட்டுப் பொங்கல் வைத்து, மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி மகிழ்கிறோம். எனவே இன்று, அவிழ்த்துக்கொண்டு ஓடும் விலங்கைப் பற்றிச் சிந்திப்போம்.

உதகை ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். சீசன் நாள்களில் அவை உழைத்துச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. கூட்டம் குறைந்ததும் பல குதிரைகள் வீதிக்கு வந்துவிடுகின்றன. சந்தைக் கழிவைக் கிளறுகின்றன, பிளாஸ்டிக் பையையும் சேர்த்துத் தின்கின்றன, வண்டிகளுக்குக் குறுக்கே ஓடுகின்றன. நகராட்சி பிடித்து அடைக்கிறது, அபராதம் விதிக்கிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் குதிரைகள் வீதியில் நிற்கின்றன.

குறும்புக்காரக் குதிரை என்று சொல்லிவிடுவது எளிது. மட்டக்குதிரை சூட்டிகையான பிராணிதான். தளர்ந்த தாழ்ப்பாளை உதட்டாலேயே தள்ளப் பழகிவிடும். ஆனால் குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும்படி படைக்கப்பட்டது, கூட்டமாக வாழ்வது. வேலிக்குள் புல்லும் இல்லை, துணையும் இல்லை என்றால், அது வெளியே போகவே வழி பார்க்கும்.

ஓடிய குதிரையை எப்படிப் பிடிப்பது? அனுபவசாலிகள் துரத்துவதில்லை. துரத்தினால் அது இன்னும் வேகமாக ஓடும். பின்புறமாகப் போகாமல், அதன் தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே, கையில் ஒரு பிடி புல்லோடு நெருங்குகிறார்கள். பழகிய இன்னொரு குதிரையை முன்னே நடத்தினால் அதுவும் பின்தொடரும். கொட்டிலில் சேர்த்த பிறகு அடிப்பதில்லை. அது எந்த வழியாகப் போனது என்று வேலியைப் பார்க்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, நம் மண்ணூர்ப் பக்கம் மட்டக்குதிரை அரிது. ஆனால் கொண்டி மாடு என்ற சொல் நம் பெரியவர்களுக்குத் தெரியும். பிறர் பயிரை மேயும் மாட்டின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிடுவார்கள். மீறி மேய்ந்தால் பவுண்டில் அடைப்பார்கள். அதற்கென்று 1871லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. அன்று மாடு அவிழ்ந்தால் பயிர் போகும். இன்று உயிர் போகிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. வேலை வந்தது, அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். மேய்ச்சல் நிலம் சுருங்கியது. வீட்டில் மாடு மட்டும் இருக்கிறது. பால் கறந்து அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்து தானே வரும் என்பது பழைய கணக்கு. இப்போது அது நெடுஞ்சாலையின் நடுவில் படுத்துக்கிடக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கம் கண்ணை அழுத்த, பைக்கில் வருகிற பிள்ளைக்கு இருட்டில் கறுப்பு மாடு தெரிவதில்லை. அவன் வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவனாக இருக்கலாம். நம் தெருப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இது பற்றித் திருவிவிலியம் தெளிவாகப் பேசுகிறது. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில், முட்டி ஆளைக் கொன்ற மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு. முதல் முறை என்றால் மாடு கொல்லப்படும். உரிமையாளர் மீது குற்றமில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே அவரிடம் சொல்லியும் அவர் கட்டிவைக்கவில்லை என்றால், அந்தச் சாவுக்கு அவரும் பொறுப்பு. தெரிந்தபின் சும்மா இருப்பதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. நம் மாடு சாலையில் படுக்கிறது என்று நமக்குத் தெரியும். நேற்றும் ஒருவர் வந்து சொன்னார். இனி அதை மாட்டின் குறும்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

அதே நூலின் 23ஆம் அதிகாரம் மாடு இல்லாதவர்களிடமும் பேசுகிறது. உன் பகைவனின் மாடோ கழுதையோ வழிதவறித் திரிவதைக் கண்டால், அதை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது. இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், காணாததுபோல் போகாதே, உரியவர் தேடி வரும்வரை உன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்கிறது.

ஏன் குறிப்பாகப் பகைவனின் மாடு? நண்பனின் மாட்டை யாரும் சொல்லாமலே ஓட்டிவந்து விடுவோம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் மாடு என்றால், 'அவன் பாடு' என்று வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போகிறோம். அந்த மாட்டின் கயிற்றைப் பிடித்தால் அவர் வாசல்வரை போக வேண்டும். அவர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். ஆண்டவர் மாட்டை வீடு சேர்க்கும் வழியில் நம்மையும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் அனுப்புகிறார்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் அதைக் கோல்கொண்டு அடித்ததாக இல்லை. தோள்மேல் போட்டுக்கொண்டு வருகிறார்; நண்பரையும் அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு மகிழ்கிறார். ஓர் ஆடு திரும்பியதில் ஒரு தெருவே கூடிவிட்டது.

எனவே இந்த வாரம் சிலவற்றைச் செய்வோம். மாடு வைத்திருப்போர் பொழுது சாயுமுன் ஓட்டிவந்து கட்டி, தீவனமும் தண்ணீரும் வைப்போம். கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டுவோம். நிலமில்லாத நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கொட்டில் போட முடியுமா என்று அன்பியக் கூட்டத்தில் பேசுவோம். சாலையில் மாட்டைக் கண்டால் உரியவருக்குச் சொல்வோம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, அடிபட்ட கால்நடைக்கு 1962 என்ற எண்களை மறவாமல் வைத்திருப்போம்.

வனத்து அந்தோனியாரின் பரிந்துரையால் இறைவன் நம் கால்நடைகளையும், இரவில் சாலையில் வரும் நம் பிள்ளைகளையும் காத்தருள்வாராக. ஆமென்.