காகித மலை

சிறியதொரு மலையைக் கட்டி, பின்னர் என் கையாலேயே அதை அறுத்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1957-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்னும் மின்சாரக் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டார். பாதை நெடுகிலும் தச்சர் வெட்டுவது போன்ற ஒரு காடி இருக்கும். காரின் அடியிலுள்ள முளை அக்காடிக்குள் அமர்ந்து வழிகாட்டும். இருமருங்கிலும் உள்ள உலோகப் பட்டைகள் மின்சாரம் ஊட்டும். கையிலுள்ள விசையை அழுத்த அழுத்த வேகம் மிகும். வளைவில் வேகம் மிஞ்சினால் கார் காடியை விட்டுத் துள்ளி விழும்.

இத்தகைய பாதையொன்று என் மகனுக்கு வாய்த்தது. வெறும் பாதை போதுமா? ஊரும் மலையும் வேண்டுமென்று இருவரும் முனைந்தோம். எங்கள் கார்கள் உண்மைக் காரில் 32-இல் ஒரு பங்கு. ஆகவே, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் இங்கே 5 சென்டிமீட்டர். 2 மீட்டர்க் கதவு 6 சென்டிமீட்டருக்குச் சற்று மிகும். இக்கணக்கைக் கைவிடாமல் பார்வையாளர் மேடையை அட்டையால் அமைத்தோம். பசை தடவிய பலகையில் பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைத் தூவினோம், அது புல்வெளியாயிற்று. கம்பிவலையை வளைத்து, பசையில் தோய்த்த செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி, மேலே பாரிஸ் சாந்து பூசினோம். குகைப்பாதையுடன் ஒரு மலை எழுந்தது.

முதல் ஓட்டத்தில் குகைக்குள் சென்ற கார் வெளியே வரவில்லை.

"மலை அழகாக இருக்கிறது, அப்பா, கார் எங்கே?" என்றான் மகன்.

கை நுழைய வழியில்லை. இரண்டு வார உழைப்பை அறுக்க மனம் வரவில்லை, ஆயினும் அறுத்தேன். உள்ளே உலோகப் பட்டைமேல் சாந்துத் தூள் படிந்து மின்னோட்டத்தைத் தடுத்திருந்தது. அதைத் துடைத்தோம். அறுத்தெடுத்த மலையுச்சியையே திறந்து மூடும் மூடியாக்கினோம்.

மேடையும் தப்பவில்லை. வளைவில் காரின் பின்புறம் வெளிப்பக்கம் வீசும். அவ்வீச்சில் அதன் தூணொன்று சாய்ந்தது. பிறகு, இருப்பவற்றுள் நீளமான காரை எடுத்து, அதன் வாலை வெளிப்பக்கம் ஒதுக்கியவாறே கையால் மெல்ல நகர்த்தி, அது எட்டும் எல்லையைப் பென்சிலால் குறித்தோம். மேடையை அக்கோட்டுக்கு அப்பால் நிறுத்தினோம்.

நண்பர்களே, எதைக் கட்டினாலும் ஓடுவதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள். பழுது நேர்ந்தால் கை நுழைய வழி வைத்துக் கட்டுங்கள். எங்கள் மலையில் அந்த அறுப்புக் கோடு இன்றும் தெரிகிறது. அதைப் பூசி மறைக்க என் மகன் இசையவில்லை.