கரும்பலகையே முதல் நூல்



தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மழையாகிறது, மழையே அருவியாகிறது. குற்றாலத்துப் பேரருவியும் சிற்றருவியும் ஐந்தருவியும் இவ்வாறே பாய்கின்றன. இவ்வெளிய உண்மையை எழுதப் புகும் சிறுவன் 'மலையில் மலை பொழிகிறது' என்றெழுதினால், ஓரெழுத்துப் பிழையால் இயற்கையே தலைகீழாகிறது. 'குற்றாலம்' என்பதைப் பேச்சுவழக்கையொட்டிக் 'குத்தாலம்' என்றெழுதினாலோ, ஊரே மாறிவிடும். குத்தாலம் என்பது மயிலாடுதுறைப் பக்கத்தே காவிரிக்கரையில் உள்ள வேறோர் ஊர். 'கல்' என்னும் வேரினின்று கிளைத்த 'கற்றல்', 'கத்தல்' என எழுதப்பட்டால், வகுப்பறையில் கல்வி போய்க் கூச்சலே எஞ்சும்.

இப்பிழைக்குச் சிறுவனை நோவதில் பயனில்லை. அவன் கண்ணுக்குக் கரும்பலகையே முதல் நூல். அச்சிட்ட பாடநூலினும் ஆசிரியர் கைப்பட எழுதியதையே அவன் மெய்யென நம்புவான். பலகையில் ஓர் ஒற்று விடுபட்டால், நாற்பது ஏடுகளிலும் அது விடுபடும். மிகையாய் ஓர் ஒற்று ஏறினாலோ, 'தோப்புகள்' 'தோப்புக்கள்' ஆகி, மரநிழலைக் குறித்த சொல் அங்கு இறக்கிய கள்ளைக் குறித்து நிற்கும்.

ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்துத் தவறினும் நாணுகின்ற ஆசிரியர் சிலர், தமிழ்ப் பிழையைச் சுட்டினால், 'பொருள் விளங்கினால் போதாதா?' என்கின்றனர். அயன்மொழிக்கு அஞ்சுவதும் தாய்மொழியை இகழ்வதும் ஒரே அடிமை மனத்தில் முளைத்த இரு களைகள்.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில், 2019-இல் அமைந்த தென்காசி மாவட்டத்துள் அடங்குவது. அவர் பள்ளியாசிரியராகவே தொண்டு தொடங்கியவர். மாணவர் செவ்விதின் எழுதுதற்கு 'உயர்தரக் கட்டுரை இலக்கணம்' யாத்தவர். சேலம் கல்லூரியில் அவரிடம் பயின்ற மாணவர் ஒருவரே பின்னாளில் பெருஞ்சித்திரனாராகி, 1959-இல் 'தென்மொழி'யைத் தொடங்கினார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்குப் பாவாணர் தலைமை ஏற்றார். சொல்லின் வேர் காணும் அப்பணிக்கு எழுத்தே தடம். எழுத்துச் சிதைந்தால் வேர் மறையும். ஓர் ஆசிரியரின் செம்மை எத்துணைத் தொலைவு பாயும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆசிரியர் செய்யவேண்டுவன அரியன அல்ல. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தபின் மாணவர்பக்கம் திரும்புக. லகர, ளகர, ழகரங்களைத் திருந்த ஒலித்துச் சொல்வதெழுதச் செய்க. ஐயம் எழுந்தால் மாணவர் காணவே அகரமுதலியைப் புரட்டுக; அஃது இழுக்கன்று, அதுவே பாடம். மாணவன் பிழை சுட்டினால் சினவாது திருத்தி, அவனைப் பாராட்டுக. பெயரின் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுக. இவை தமிழாசிரியர்க்கு மட்டும் உரிய கடன்கள் அல்ல; கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் பலகையில் எழுதுவதும் தமிழே.

மலையுச்சியில் கலங்கிய நீர் அடிவாரத்தில் தெளிந்து வீழாது. ஆசிரியர் கையில் தமிழ் தெளியட்டும். ஊரெங்கும் தெளிந்த தமிழ் பாயும்.

வாழ்க தமிழ்!